சமைக்கத் தெரியாதவர் கட்டிய சமையலறை

தலைப்பைப் பார்த்துட்டு தங்கமணியைப் பத்திதான் ஏதோ எழுதியிருக்கேன்னு ஆவலா ஓடி வந்தவங்க மன்னிக்கணும். இது வரலாற்றுப் பதிவு. (அவங்களும் இதைப் படிப்பாங்க. ஹி ஹி.)

விஷயம் இதுதான். மேடவாக்கம் பக்கம் ஒரு ஃப்ளாட் புக் பண்ணியிருக்கோம். சாவி கைக்கு வர இன்னும் நாலு மாசம் ஆகும். ஆனா இன்டீரியர் ஆளுங்களுக்கு எப்படியோ மூக்குல வேர்த்துடுது. போன சனிக்கிழமை ஒருத்தர் லேப்டாப்போட வீட்டுக்கே வந்து சோபாவுல உக்காந்து எங்க வருங்கால சமையலறையைப் படமா காட்டினார். வெள்ளை ஆக்ரிலிக். கைப்பிடியே இல்லாத கதவுகள். மேல வரிசையா மஞ்சள் எல்இடி. ஓரத்துல தலைகீழா தொங்குற ஒயின் கிளாஸ். மேடை மேல ஒரு கண்ணாடிக் கிண்ணத்துல மூணு பச்சை ஆப்பிள். விலை மூணே முக்கால் லட்சம், வரி தனி.

நான் வாயைப் பொளந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். அம்மா காபி டம்ளரை வச்சுட்டு ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டாங்க.

"கிரைண்டர் எங்க வைக்கறது?"

"அது யுடிலிட்டில வச்சுக்கலாம் மேடம்."

"மேடை உயரம் எவ்வளவு?"

"34 இன்ச் மேடம். ஸ்டாண்டர்டு."

எங்கம்மா உயரம் நாலடி பத்தங்குலம். இப்ப இருக்கற வாடகை வீட்டு மேடையும் அதே உயரம்தான். பத்து வருஷமா தோளைத் தூக்கித் தூக்கி கிளறி, வலது தோள்பட்டை போச்சு. பிசியோதெரபிக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன். அம்மா அந்தத் தம்பியைப் பார்த்து, "யாருக்கு ஸ்டாண்டர்டு?"ன்னு கேட்டாங்க. அவர் என்னைப் பார்த்தார். நான் ஆப்பிளைப் பார்த்தேன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. நம்ம தொழில்ல ஸ்டாண்டர்டுன்னு ஒண்ணு இருந்தா அதுக்கு ஒரு கமிட்டி, ஒரு ஆவணம், அதை எழுதின யாரோ ஒரு ஆளு இருப்பாங்க. இதுக்கும் யாராவது இருக்கணுமேன்னு தேட ஆரம்பிச்சேன். ஒரு வாரம் ஆபீஸ்ல சரியா வேலையே பார்க்கலை. (மேனேஜர் இதைப் படிக்க மாட்டார்னு நம்பறேன்.)

கதை 1926-ல், ஜெர்மனியில், ஃப்ராங்க்ஃபர்ட் நகராட்சி அலுவலகத்துல நடக்குது. ஆனா அதுக்கு முன்னாடி அமெரிக்காவுக்கு ஒரு நடை போயிட்டு வந்துடணும்.

கேதரின் பீச்சர்னு ஒரு டீச்சரம்மா. 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதின ஹாரியட் பீச்சர் ஸ்டோவோட அக்கா. கடைசி வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கலை. அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து 1869-ல் வீட்டு நிர்வாகத்தைப் பத்தி ஒரு புத்தகம் போட்டாங்க. அதுல பீச்சர் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. கப்பல்ல சமையல்காரர் ஒரு சின்ன அறைக்குள்ள நின்ன இடத்துலயே கைக்கு எட்டற தூரத்துல எல்லாத்தையும் வச்சுக்கிட்டு அத்தனை பேருக்கு ஆக்கிப் போடறார். வீட்டுல மட்டும் ஏன் மாவு ஒரு மூலை, தண்ணி ஒரு மூலை, அடுப்பு ஒரு மூலை? அதுக்கு ஏத்தமாதிரி படமும் போட்டுக் காமிச்சாங்க. ஜன்னலுக்குக் கீழ தொடர்ச்சியா ஒரு மேடை, அதுக்கடியில மாவுக்கும் மத்ததுக்கும் இழுப்பறைகள்.

அடுத்தது கிறிஸ்டின் ஃபிரடெரிக். ஃபிரடெரிக் டெய்லர்னு ஒருத்தர் தொழிற்சாலைகள்ல ஸ்டாப்வாட்சோட தொழிலாளிங்க பின்னாடி சுத்தி, எந்த அசைவு வேஸ்ட், எது தேவைன்னு கணக்குப் போட்டுக்கிட்டிருந்த காலம் அது. (நம்ம டைம்ஷீட்டுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா அவர்தான். திட்டறவங்க திட்டிக்கலாம்.) கணவரோட நண்பர் ஒருத்தர் இதைப் பத்திப் பேசறதைக் கேட்ட ஃபிரடெரிக் அம்மா, இதையே ஏன் பாத்திரம் கழுவறதுக்குப் போட்டுப் பார்க்கக்கூடாதுன்னு யோசிச்சாங்க. கழுவறதுல மட்டும் தான் 80 தப்பான அசைவுகள் செய்யறதாக் கண்டுபிடிச்சாங்க. 1912-ல் இதைப் பத்திரிகைக் கட்டுரைகளா எழுதினாங்க, அப்புறம் புத்தகமா வந்துச்சு. அதுல ரெண்டு சமையலறைப் படம் இருக்கு. ஒண்ணுல சமைக்கறவங்க நடக்கற பாதை சிக்கல் விழுந்த நூல்கண்டு மாதிரி, இன்னொண்ணுல நேர்க்கோடா. அந்தப் புத்தகம் 1920களின் தொடக்கத்துல ஜெர்மன் மொழிக்குப் போச்சு. அங்க அதைப் படிச்சவங்கள்ல ஒருத்தர்தான் நம்ம கதாநாயகி.

மார்கரெத்தே லிஹோட்ஸ்கி. பிறந்தது 1897, வியன்னா. பெண்கள் கட்டடக்கலை படிக்கறதே அதிசயமா இருந்த காலத்துல படிச்சு முடிச்சவங்க. "எந்த வீட்டுக்காரன் ஒரு பொண்ணுகிட்ட வீடு கட்டக் கொடுப்பான்?"னு வீட்டுலயே கவலைப்பட்டாங்களாம். முதல் உலகப்போர் முடிஞ்சு வியன்னாவுல சோத்துக்கும் வழியில்லாம, வீட்டுக்கும் வழியில்லாம மக்கள் புறநகர்ல குடிசை போட்டுக்கிட்டு இருந்தப்ப, அவங்களுக்கு மலிவான சின்ன வீடுகள் வரைஞ்சு கொடுத்துக்கிட்டு இருந்தாங்க.

அந்த நேரத்துல ஃப்ராங்க்ஃபர்ட் நகராட்சி 1925-ல் எர்ன்ஸ்ட் மேங்கற கட்டடக்கலைஞரை நகர்த் திட்டத்துக்குப் பொறுப்பா போட்டுச்சு. போருக்கப்புறம் வீட்டுப் பஞ்சம் அங்கயும் பயங்கரம். அவர் அஞ்சே வருஷத்துல 12,000 வீட்டுக்கு மேல கட்டினார். அத்தனை வேகத்துல கட்டணும்னா ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியா யோசிக்க முடியாது. கதவு, ஜன்னல், கைப்பிடி வரைக்கும் ஒரே அளவு. சமையலறையும் அப்படித்தான் இருக்கணும். அதுக்காக வியன்னாவுலேருந்து லிஹோட்ஸ்கியைக் கூப்பிட்டார். அப்ப அவங்களுக்கு வயசு 29. நம்ம செட்டு!

அதுவரைக்கும் தொழிலாளி வீட்டுல சமையலறைன்னா அது வெறும் சமையலறை இல்லை. நிலக்கரி அடுப்பு இருக்கற ஒரே ஒரு அறை. குளிர் காலத்துல வீட்டுல சூடா இருக்கறது அது ஒண்ணுதான். அங்கதான் சாப்பாடு, அங்கதான் பசங்க படிப்பு, அங்கதான் குளியல், ராத்திரி ரெண்டு பேர் அங்கயே படுத்துக்குவாங்க. கேஸ் அடுப்பும் மின்சாரமும் வந்ததும், சமைக்கறதுக்கும் சூட்டுக்கும் ஒரே நெருப்பு வேணும்ங்கற கட்டாயம் போச்சு. இப்ப சமையலறையைத் தனியா வெட்டி எடுக்கலாம். எவ்வளவு சின்னதா வெட்டலாம்ங்கறதுதான் கேள்வி.

லிஹோட்ஸ்கி எங்க போய்ப் பார்த்தாங்க தெரியுமா? ரயில்ல. சாப்பாட்டுப் பெட்டியில இருக்கற அந்தத் துக்கினியூண்டு சமையலறையில. அப்புறம் ஸ்டாப்வாட்ச் வச்சு, ஒரு வேலைக்கு எத்தனை அடி நடக்கணும், எத்தனை தடவை குனியணும்னு கணக்கு. கடைசியா வந்த அளவு 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். நம்ம கணக்குல கிட்டத்தட்ட 70 சதுர அடி. எங்க ஃப்ளாட்டுல 56. அதனால சின்னதா இருக்கேன்னு பில்டரைத் திட்டறதை நிறுத்திட்டேன்.

இந்த எழுபது சதுர அடிக்குள்ள என்னென்ன பண்ணியிருக்காங்கன்னு பாருங்க, எனக்குப் புல்லரிச்சுடுச்சு. நீளவாக்குல ஒரு கோடியில ஜன்னல். ஜன்னலுக்குக் கீழ மேசை, உசரத்தைக் கூட்டிக் குறைக்கற மாதிரி சுழல் ஸ்டூல். காய் வெட்டறது வெளிச்சத்துல, உக்காந்துக்கிட்டே. மேசை ஓரத்துல ஒரு பள்ளம், தோலையெல்லாம் அப்படியே வழிச்சுத் தள்ளினா அடியில இருக்கற இழுப்பறைக்குள்ள விழும். வலது பக்கம் தொட்டி, மேல தட்டு அடுக்கற ரேக். கழுவி அதுல சொருகிட்டா தானா வடிஞ்சு காயும், துணியால துடைக்க வேண்டாம். கூரையில ஒரு தண்டவாளம், அதுல விளக்கை எங்க வேணாலும் இழுத்துக்கலாம். சுவத்துலேருந்து மடக்கி இறக்கற இஸ்திரிப் பலகை. அடுப்புலேருந்து அடுத்த அறை சாப்பாட்டு மேசைக்கு அதிகபட்சம் மூணு மீட்டர், நடுவுல நகர்த்துக் கதவு. அது திறந்திருந்தா அந்தப் பக்கம் விளையாடற குழந்தை மேல ஒரு கண்ணு வச்சுக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அலுமினிய இழுப்பறைகள். அரிசி, சர்க்கரை, ரவைன்னு ஒவ்வொண்ணுக்கும் பேர் எழுதி, ஒரு பக்கம் கைப்பிடி, இன்னொரு பக்கம் மூக்கு. உருவி எடுத்து அப்படியே பாத்திரத்துல கொட்டலாம். ஆனா மாவுக்கு மட்டும் அலுமினியம் கிடையாது, ஓக் மரம். ஏன்னா ஓக்கோட துவர்ப்புச் சத்துக்குப் புழு அண்டாதாம். கதவுகளுக்கு நீலப்பச்சை நிறம், ஈக்கள் அந்த நிறத்துல உக்காராதுன்னு அப்ப ஒரு நம்பிக்கை. அதாவது கலர் தேர்ந்தெடுத்ததுக்குக்கூட ஒரு காரணம் இருந்திருக்கு. எங்க வீட்டுக்கு வந்த தம்பிகிட்ட ஏன் வெள்ளைன்னு கேட்டேன். "இப்ப ட்ரெண்ட் சார்"னார்.

இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "எங்கம்மா அஞ்சறைப்பெட்டிக்கு யாரும் ஸ்டாப்வாட்ச் பிடிக்கலையே"ன்னாங்க.

யோசிச்சா உண்மைதான். பாட்டி வீட்டு அடுப்படியை நான் சின்ன வயசுல பார்த்திருக்கேன். தரையில கோட்டையடுப்பு, பக்கத்துல அதோட மிச்சச் சூட்டுலயே வேகற கொடியடுப்பு. பாட்டி மணையில உக்காந்தா வலது கைக்கு அஞ்சறைப்பெட்டி, இடது கைக்குத் தண்ணிச் சொம்பு, எதிர்ல அரிவாள்மனை. தலைக்கு மேல உறி. பாட்டி எழுந்திருக்கவே மாட்டாங்க, பாதி வேலை எட்டி எடுக்கற தூரத்துலயே முடிஞ்சுடும். ஆனா உடனே "அந்தக் காலத்துலயே நம்ம முன்னோர்கள்..."னு ஆரம்பிச்சுடாதீங்க சாமி. அதே பாட்டி புகையில இருமி இருமியே பாதி ஆயுசைக் கழிச்சாங்க. தண்ணிக்குப் புறக்கடைக் கிணத்துக்கு நடந்த நடையை எந்த ஸ்டாப்வாட்சும் தாங்காது.

நம்ம வீடுகள்ல கேஸ் வந்ததும்தான் எல்லாரும் எழுந்து நின்னாங்க. சிலிண்டரைவிட அடுப்பு உசரத்துல இருக்கணும்ங்கறது பாதுகாப்பு விதி. அதனால கடப்பாக்கல்லுல ஒரு மேடை. மேடை போட்டது கொத்தனார், உசரத்தைச் சொன்னது வீட்டுக்காரரோ மேஸ்திரியோ. அதுல நின்னு சமைக்கப்போறவங்க முழங்கையை யாரும் அளந்த மாதிரி தெரியலை.

சரி, ஃப்ராங்க்ஃபர்ட். கிட்டத்தட்ட 10,000 சமையலறைகள் இந்த மாதிரி போட்டாங்க. அலமாரி, தொட்டி எல்லாம் வீட்டோடயே வந்துடும், செலவு வாடகையில சேர்ந்துடும். இன்னிக்கு நம்ம 'மாடுலர் கிச்சன்'னு சொல்றோமே, அதோட நேரடிப் பாட்டி இதுதான். இதுக்கு மூணு விதத் திட்டம் இருந்துச்சு. வேலைக்காரங்க இல்லாத வீடு, ஒருத்தர் இருக்கற வீடு, ரெண்டு பேர் இருக்கற வீடு. பெருசா ஓடினது முதலாவது.

இப்ப குடிவந்தவங்க என்ன பண்ணாங்கன்னு பார்க்கணும். வந்ததும் பழைய வீட்டுச் சாப்பாட்டு மேசையை உள்ள திணிக்கப் பார்த்தாங்க. போகலை. அம்மா சமைக்கும்போது பக்கத்துல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதற பையனுக்கு இடமில்லை. அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து வேலை செய்யலாம்னா இடுப்பு இடிக்குது. ரோமர்ஸ்டாட் குடியிருப்புல எல்லாமே மின்சார அடுப்பு. ஜெர்மனியிலயே முழுசா மின்சாரம் போட்ட முதல் குடியிருப்புன்னு பேரு. பில்லைப் பார்த்து ஜனங்க மிரண்டாங்க. இத்தனைக்கும் அங்க குடிவந்ததே ஓரளவு வசதியான தொழிலாளிங்களும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்களும்தான். ரொம்ப ஏழைகளுக்கு அந்த வாடகையே கட்டுப்படி ஆகலை. புது சமையலறையை எப்படிப் பயன்படுத்தறதுன்னு மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு குறும்படமே எடுத்தாங்க. யூசர் மேனுவல் வீடியோ போட்டாத்தான் ஒரு மென்பொருள் புரியும்னா அதோட அர்த்தம் என்னன்னு நமக்குத் தெரியாதா?

நம்ம பாஷையில சொன்னா, லிஹோட்ஸ்கி எழுதினது ஒரே ஒரு பயனருக்கான நிரல். அந்த ஒருத்தருக்கு அது பறக்கும். ரெண்டாவது ஆள் உள்ள வந்தா தொங்கிடும். அந்த ஒரே பயனர் யாருங்கறதுல யாருக்கும் சந்தேகமே இல்லை. வீட்டுப் பொம்பளை. 1970கள்ல பெண்ணியவாதிகள் இதைத்தான் பிடிச்சாங்க. முன்னாடி எல்லாரும் இருந்த அறையில சமைச்சவளை, ஒரு குட்டி அறைக்குள்ள தனியா தள்ளிக் கதவைச் சாத்திட்டீங்க. வேலையைச் சுலபமாக்கினீங்க, பகிர்ந்துக்க முடியாத வேலையா ஆக்கிட்டீங்க.

இது நியாயமான்னு கேட்டா, பாதி நியாயம். லிஹோட்ஸ்கி சமையலறையைச் சின்னதாக்கினது பெண்ணை அடைச்சு வைக்க இல்லை. அவங்க கணக்கு வேற. பெண்கள் வெளியில வேலைக்குப் போகப்போறாங்க. வீட்டு வேலை அவங்க நேரத்தைத் தின்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. அதனால சமையலைக் குறைஞ்ச நேரத்துல முடிச்சுட்டு வெளிய வரட்டும். அவங்களுக்குச் சமையலறைங்கறது சீக்கிரம் வெளிய வரவேண்டிய இடம். அந்த வேலையில பாதியை ஆம்பளை செய்யட்டும்னு மட்டும் யாரும் அன்னிக்கு வரைபடத்துல போடலை. இன்னிக்கும் எத்தனை பேர் போடறோம்?

இங்கதான் தலைப்பு வருது. பின்னாடி ஒரு சந்தர்ப்பத்துல அவங்களே சொல்லியிருக்காங்க. ஃப்ராங்க்ஃபர்ட் சமையலறையை வரையற வரைக்கும் அவங்க சொந்தமா ஒரு குடும்பத்துக்குச் சமைச்சதே இல்லை. வியன்னாவுல இருந்தப்ப அம்மா சமைச்சாங்க. ஃப்ராங்க்ஃபர்ட்டுல ஓட்டல் சாப்பாடு. ஒரு இல்லத்தரசியா இதைச் செய்யலை, கட்டடக்கலைஞராத்தான் செஞ்சேன்ங்கறது அவங்க வாதம்.

இது அவங்க ஒருத்தரோட கதை மட்டுமில்லைங்கறதுதான் வேடிக்கை. அமெரிக்காவுல லில்லியன் கில்பிரெத்னு ஒரு பொறியாளர், பன்னிரண்டு குழந்தை பெத்தவங்க. கணவர் 1924-ல் இறந்ததும், ஒரு பெண்ணுக்குத் தொழிற்சாலை ஆலோசனை வேலை தர நிறுவனங்கள் தயங்கினதால, சமையலறை பக்கம் திரும்பினாங்க. ஒரு கேஸ் நிறுவனத்துக்காக சமையலறையை மாத்தி அமைச்சு, ஸ்ட்ராபெரி கேக் செஞ்சு பார்த்துச் சோதிச்சாங்க. பழைய அமைப்புல 281 அடி நடக்க வேண்டியிருந்தது, புதுசுல 45. கிழிச்சுட்டாங்க! ஆனா அந்த அம்மா சொந்த வீட்டுல சமையல் பக்கமே போனதில்லை, அது வேற ஆளுங்க பார்த்துக்கிட்டாங்க.

இதை அம்மாகிட்ட சொன்னப்ப, "அதான் தெரியுதே"ன்னு ஒரே வார்த்தை.

ஆனா நான் லிஹோட்ஸ்கி பக்கம்தான். கில்பிரெத் ஒரு விஷயத்தை விடாம சொன்னாங்க: மேடை உயரம் சமைக்கறவங்க உயரத்துக்கு ஏத்தமாதிரி ஆளுக்கு ஆள் மாறணும். லிஹோட்ஸ்கி அதுக்கு சுழல் ஸ்டூல் வச்சாங்க. ரெண்டு பேருமே சமைக்கறவங்க இல்லை, ஆனா சமைக்கறவங்க உடம்பை அளந்தாங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னா, மேடையை இடைவெளி இல்லாம ஒரே நீளமா போடறதுதான் அழகுன்னு ஆச்சு. ஒரே நீளம்னா ஒரே உயரம். அமெரிக்காவுல அது 36 இன்ச்னு நிலைச்சுப்போச்சு. ஸ்வீடன்ல 1944-ல் வீட்டு வேலைக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பிச்சு, மறுபடி அளந்து, அலமாரி அளவையெல்லாம் தரப்படுத்தினாங்க. (ஆராய்ச்சியாளர் சமையலறை மூலையில உசரமான நாற்காலி போட்டு உக்காந்து நோட்டம் விடறதைக் கிண்டலடிச்சு 'கிச்சன் ஸ்டோரிஸ்'னு 2003-ல் ஒரு நார்வே படம் வந்துச்சு. கிடைச்சா பாருங்க, அட்டகாசம்.) ஐரோப்பாவுல 60 சென்டிமீட்டர்ங்கறது அடிப்படை அளவாச்சு. எங்க வீட்டுக்கு வந்த தம்பியோட கேட்டலாக்ல இருந்த 600, 900 எல்லாம் அந்த வம்சம்தான். அளவு கடல் தாண்டி வந்துடுச்சு, அளந்து பார்க்கற பழக்கம் கப்பல் ஏறலை.

லிஹோட்ஸ்கிக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டா மனசு கேட்காது. கூட வேலை பார்த்த வில்ஹெல்ம் ஷூட்டேயை 1927-ல் கல்யாணம் பண்ணி ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஆனாங்க. 1930-ல் எர்ன்ஸ்ட் மே தன் குழுவோட சோவியத் யூனியனுக்குப் புது நகரங்கள் கட்டப் போனப்ப அவங்களும் போனாங்க. அங்க பெரும்பாலும் குழந்தைகளுக்கான கட்டடங்கள். 1937-ல் கிளம்பி, 1938-ல் இஸ்தான்புல். அங்க பாதுகாப்பா இருந்திருக்கலாம். ஆனா நாஜிகளுக்கு எதிரான ரகசிய இயக்கத்துல சேர்ந்து, 1940 டிசம்பர்ல வியன்னாவுக்குத் திரும்பினாங்க. ஒரு மாசம்கூட ஆகலை. 1941 ஜனவரியில கெஸ்டபோ பிடிச்சுடுச்சு. கூட இருந்த சிலருக்கு மரண தண்டனை. இஸ்தான்புல்ல அவங்களை இயக்கத்துக்குள்ள கொண்டுவந்த கட்டடக்கலைஞர் ஹெர்பர்ட் ஐக்ஹோல்ட்சரை 1943-ல் கொன்னுட்டாங்க. இவங்களுக்கு 15 வருஷச் சிறை. 1945 ஏப்ரல்ல அமெரிக்கப் படை வந்து விடுவிச்சப்ப உயிரோட இருந்தாங்க.

ஊருக்குத் திரும்பினா, ஆஸ்திரியாவுல அரசாங்க வேலை கிட்டத்தட்ட கிடைக்கவே இல்லை. காரணம் கம்யூனிஸ்ட். நாஜிகளை எதிர்த்து சிறைக்குப் போனதுக்கு அதுதான் மரியாதை. பல வருஷம் கழிச்சு உலகம் அந்தச் சமையலறையைக் கண்டுபிடிச்சுக் கொண்டாட ஆரம்பிச்சப்ப விருது மேல விருது. 1988-ல் ஆஸ்திரிய ஜனாதிபதி குர்ட் வால்ட்ஹைம் கையால விருதுன்னதும், போர்க்காலத்துல அவர் என்ன பண்ணார்ங்கறதைச் சொல்லி வாங்க மாட்டேன்னுட்டாங்க. நூறாவது பிறந்தநாளுக்கு வியன்னா மேயரோட வால்ட்ஸ் ஆடினாங்க. 2000 ஜனவரி 18-ல், 103 ஆக அஞ்சு நாள் இருக்கும்போது காலமானாங்க. வாழ்க்கையில அத்தனை செஞ்சிருக்கேன், எல்லாரும் அந்தச் சமையலறையை மட்டும் கேக்கறீங்களேன்னு அவங்களுக்குக் கடைசி வரைக்கும் கடுப்பு. (நானும் அதேதான் பண்ணியிருக்கேன். மன்னிச்சுக்கோங்க மேடம்.)

அவங்க சமையலறைகள் இடிபட்டுப் புதுப்பிக்கப்பட்டு கொஞ்சம்தான் மிச்சம். நியூயார்க்ல நவீன கலை அருங்காட்சியகம் ஒண்ணைக் கழட்டிக் கொண்டுபோய் 2010-ல் கண்காட்சியில வச்சது. தொழிலாளி வாடகையில அடங்கணும்னு செஞ்ச சாமான், இப்ப தொட்டா காவலாளி அதட்டுவார்.

போன ஞாயித்துக்கிழமை நானும் ஒரு ஆராய்ச்சி பண்ணேன். அம்மா காலையில இட்லி சாம்பார் செய்யும்போது பின்னாடியே நின்னு, கைல பேப்பர் வச்சுக்கிட்டு நடக்கற பாதையைக் கோடு போட்டு, அடியை எண்ணினேன். "என்னடா வாலு மாதிரி பின்னாடியே வர்ற, தள்ளு"ன்னு ரெண்டு தடவை கரண்டியால அடி. மொத்தம் 214 அடி. அதுல பெரும்பகுதி ஃப்ரிட்ஜுக்கும் அடுப்புக்கும் நடுவுல, ஏன்னா ஃப்ரிட்ஜ் ஹாலில் இருக்கு, அது அங்க இருக்கணும்னு சொன்னது நான். இன்னொண்ணும் எண்ணினேன், சமையலறைக்குள்ள நான் எப்பவாவது நிக்கற நேரத்தை. தண்ணி குடிக்க மூணு தடவை.

சாயந்திரம் ஹாலில் சோபாவை ஓரம் கட்டிட்டு, சாக்பீஸால புது சமையலறையை நிஜ அளவுல தரையில வரைஞ்சோம். எட்டடிக்கு ஏழடி. அட்டைப்பெட்டியை அடுக்கி மேடை. தங்கமணி பிளானைப் பார்த்து அளவு சொல்லச் சொல்ல நான் கோடு. அம்மா உள்ள போய் நின்னு, கையை மடக்கி முழங்கையைக் காமிச்சாங்க. அங்கேருந்து நாலஞ்சு அங்குலம் கீழ, டேப்புல 30 இன்ச் வந்துச்சு. தங்கமணிக்கு 34 சரி. எனக்கு 37. ஒரு மேடை, மூணு உசரம்.

"அத்தை, ஜன்னல் பக்கம் மட்டும் 30 வச்சுடலாமா? அடுப்பும் அந்தப் பக்கமே வந்துடட்டும். கிரைண்டரை அதுக்குக் கீழ, சக்கரம் வச்ச பலகையில தள்ளிடலாம்."

"மேடை ஒரே நீளமா வராதும்மா. அந்தத் தம்பி சண்டைக்கு வருவான்."

"வரட்டும். டால் யூனிட்டையும் ஒயின் கிளாஸையும் எடுத்தா அவரே காசு குறைக்கணும்."

நான் அடுத்த கோட்டை இழுத்துக்கிட்டே சாக்பீஸ் சமையலறைக்கு வெளியில நின்னு ரெண்டு பேரையும் போட்டோ எடுக்கப் போனேன். அம்மா இடுப்புல கை வச்சு, தரையில இருக்கற கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாங்க.

"எல்லாம் சரி. இதுல நீ எங்கடா நிப்ப?"

தொட்டிக்கு முன்னாடி ரெண்டடிக்கு ஒண்ணரை அடி காலியா இருந்துச்சு. அங்க போய் நின்னேன். தங்கமணி இல்லாத ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து காமிச்சாங்க, என் முட்டியில இடிச்சுது. கோட்டை அழிச்சுட்டு ஃப்ரிட்ஜை அந்தப் பக்கம் மாத்தி வரைஞ்சோம். திங்கக்கிழமை அந்தத் தம்பிக்கு புதுப் படம் அனுப்பியிருக்கேன். இன்னும் பதில் வரலை.